பால் பாத்திரத்தில் வெந்த தெர்மோஸ்டாட்

"தெர்மோஸ்டாட்டெல்லாம் பனி பெய்யற நாட்டுக்காரனுக்குங்க டீச்சர். நம்மூரு வெயிலுக்கு அது எதுக்குங்க? கழட்டிட்டேன். இனி வண்டி சூடே ஆகாதுங்க."

பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் என்னிடம் இப்படிச் சொன்னார்கள். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் ஒரு வால்வு. கழற்றிய அந்த வால்வைப் பழைய பேப்பரில் சுற்றிக் கையிலும் கொடுத்தார்கள், கல்யாண வீட்டில் தேங்காய்ப் பை கொடுப்பதுபோல. நானும் வாங்கி டேஷ்போர்டுக்குள் போட்டு மூடினேன். இயற்பியல் பாடம் எடுக்கிற ஆள் நான். அந்த இடத்தில் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வண்டி 2009 மாடல் மாருதி சுசுகி ஆல்ட்டோ. வீடு பொள்ளாச்சி, பள்ளிக்கூடம் வால்பாறை. திங்கள் விடியலில் ஏறினால் வெள்ளி சாயங்காலம்தான் இறக்கம். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். பட்டறைக்குப் போனதற்குக் காரணமே, ஒரு திங்கள்கிழமை ஒன்பதாம் வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டு, பானெட் ஓரமாக ஆவி கிளம்பியதுதான். பட்டறையில் மூன்று வேலை பார்த்தார்கள்: கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றி வரும் திரவம்) மாற்றினார்கள், ரேடியேட்டர் மூடியைப் புதிதாகப் போட்டார்கள், தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார்கள். அதன்பிறகு வண்டி கொதிக்கவே இல்லை. கழற்றியதால்தான் சரியாயிற்று என்று அவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

டிசம்பரில்தான் உறைத்தது. வால்பாறையில் காலை 6 மணிக்கு ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்றுதான் வந்தது. இறக்கத்தில் முள் அடிக்கோட்டிலேயே படுத்துக் கிடக்கும். லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 13, 14 என்று இறங்கியது. ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை. ஸ்பார்க் பிளக் நான்கு நாள் கழுவாத அடுப்புச் சட்டி மாதிரி கரி பிடித்திருந்தது.

இது ஏன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகலாம். தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு சிறிய பித்தளைக் குப்பி இருக்கிறது, குப்பிக்குள் மெழுகு. மெழுகு உருகும்போது பருமன் கூடும். கூடுகிற மெழுகு ஒரு ஊசியை வெளியே தள்ளும். ஊசியின் முனை சட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்பதால் குப்பிதான் பின்னால் நகர வேண்டும். அதோடு சேர்ந்து வால்வுத் தட்டும் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு விலகும். வழி திறக்கும், சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். ஆறினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் தட்டை மூடிவிடும். மின்சாரம் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. 1930களிலிருந்து இந்த மெழுகு வித்தை பெரிதாக மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் துருத்தி போன்ற வகை இருந்தது. அது ஓட்டையானால் திறந்தே கிடக்கும். மெழுகு வகையில் மெழுகு கசிந்து போனால் ஸ்பிரிங் தள்ளி மூடியே நின்றுவிடும். கொதிக்க வைப்பது இந்த மூடிய கோளாறு. திறந்தபடி சிக்கிக்கொண்டாலோ ஸ்பிரிங் உடைந்தாலோ இன்ஜின் குளிர்ந்தே ஓடும்.

நிறையப் பேர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட் இன்ஜினின் அதிகபட்ச சூட்டைத் தீர்மானிப்பதில்லை. குறைந்தபட்சச் சூட்டைத்தான் காக்கிறது. 82 டிகிரி வால்வு என்றால், 82 வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடமாட்டேன் என்று அர்த்தம். முழுசாகத் திறந்த பிறகு சூட்டை இறக்குவது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் மூன்றின் பொறுப்பு. அதனால் 82க்குப் பதில் 76 போட்டால் வண்டி கொதிக்காது என்பது வெறும் நம்பிக்கைதான். கழற்றி எறிந்தால் இன்ஜின் எப்போதும் "இன்னும் சூடேறவில்லை" என்ற நிலையிலேயே ஓடும். வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் நாற்றத்துக்குக் காரணம் இதுதான்.

இன்னொரு கூத்தும் உண்டு. சில இன்ஜின்களில் வால்வின் அடியில் இரண்டாவதாக ஒரு தட்டு இருக்கும். மேல்தட்டு திறக்கும்போது அடித்தட்டு பைபாஸ் வழியை, அதாவது ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்கே திரும்பும் குறுக்கு வழியை, அடைக்கும். அந்த வகையைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே இன்ஜினுக்குள் சுற்றி வரும். கொதிக்கக் கூடாதென்று கழற்றிய வண்டி, மலையேறும்போது அதனாலேயே கொதிக்கும்.

சரி, உங்கள் வண்டியில் கோளாறு தெர்மோஸ்டாட்தானா என்று முதலில் பாருங்கள். காலையில், இன்ஜின் முழுசாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கை தள்ளியே இருக்கட்டும், துப்பட்டா, சேலைத் தலைப்பு எல்லாம் செருகியிருக்கட்டும். நல்ல வால்வு என்றால் ஹோஸ் வெகுநேரம் சில்லென்றே இருக்கும். முள் நடுப்பகுதிக்கு வரும்போது திடீரென்று ஒரு நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு வரும். ஆரம்பத்திலிருந்தே ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் வால்வு திறந்து கிடக்கிறது, அல்லது என் வண்டிபோல வால்வே இல்லை. முள் மேலே ஏறிக்கொண்டே போக, ஹோஸ் மட்டும் ஆறியே இருந்தால் வால்வு மூடியபடி சிக்கியிருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு பி0128 என்ற பிழைக் குறியீடு வந்தால், கூலன்ட் போதிய சூட்டுக்கு வரவில்லை என்று பொருள். பெரும்பாலும் திறந்த வால்வுதான் காரணமாக இருக்கும்.

இந்தத் தொட்டுப் பார்க்கும் சோதனை வால்வு மேல் ஹோஸ் பக்கம் இருக்கும் வண்டிகளுக்கு. ஹோண்டா, டொயோட்டா போன்றவற்றில் பல இன்ஜின்களில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம், தண்ணீர் உள்ளே நுழையும் வாயில் இருக்கும். அதில் மேல் ஹோஸ் சீக்கிரமே சூடாகும், கீழ் ஹோஸைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை நான் செய்த உருப்படியான காரியம், டேஷ்போர்டில் கிடந்த பழைய வால்வை வெளியே எடுத்ததுதான். புதிது ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். ஐநூறு ரூபாய்க்குள் முடிந்தது. வாங்கும்போது வண்டியின் மாடலையும் வருடத்தையும் சொல்லி வாங்குங்கள். வால்வின் விளிம்பிலோ அடியிலோ 82, 88 என்று டிகிரி குத்தியிருக்கும். உங்கள் இன்ஜினுக்கு என்ன எண்ணோ அதேதான் வேண்டும். கூடவே ஒழுகாமல் இருக்க வால்வோடு வைக்கும் பேக்கிங்கும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகுதான் நினைவு வரும்.

வீட்டில் பால் காய்ச்சும் பாத்திரத்தை எடுத்தேன். (என் மாமியார் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) பள்ளி ஆய்வகத்திலிருந்து 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி ஒன்றைக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். வால்வை விரலால் லேசாகத் திறந்து, அதன் வாயில் ஒரு தையல் நூலைக் கடிக்க வைத்து, நூலைப் பிடித்தே தண்ணீரில் தொங்க விட வேண்டும். வால்வும் சரி, வெப்பமானியும் சரி, பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. அடி எப்போதும் தண்ணீரைவிடச் சூடு. தீயைக் குறைத்து வைத்து, கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வால்வு திறந்த கணத்தில் நூலின் பிடி விடும், வால்வு 'டக்'கென்று அடியில் விழும். அப்போது வெப்பமானி காட்டுவதுதான் திறக்கும் சூடு.

புது வால்வு 82ல் விழுந்தது. அடுத்து பழையது. மூடிக் கிடந்து என் வண்டியைக் கொதிக்க வைத்த குற்றவாளி என்று கையில் கொடுக்கப்பட்ட அதே வால்வு. 83ல் விழுந்தது.

அடுப்பை அணைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். 95 டிகிரியில் இரண்டும் 8 மில்லிமீட்டருக்கு மேல் வாயைத் திறந்திருந்தன. சுசுகி இன்ஜின்களின் சர்வீஸ் கணக்கும் அதுதான்: 82ல் திறக்கத் தொடங்கி 95ல் முழுசாகத் திறக்க வேண்டும். கொதிக்க வைத்தது இது இல்லை என்றால் வேறு எது? அந்தப் பட்டறை பில்லில் இன்னொரு வரி: ரேடியேட்டர் மூடி.

மூடி என்றால் வெறும் மூடி இல்லை. அதன் தலையில் பெரும்பாலும் 0.9 (பார் கணக்கில்) என்று எழுதியிருக்கும். உள்ளே அவ்வளவு அழுத்தம் வரும்வரை அது திறக்காது. வெளி அழுத்தத்தோடு சேர்த்து அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காமல் போனால் கொதிநிலை 100க்கு இறங்கிவிடும். மலையில் இன்னும் குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. இதைப் பத்து வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிரஷர் குக்கர் உதாரணம் சொல்லி, மார்க்கும் போட்டிருக்கிறேன். ஒன்பதாம் வளைவில் என் வண்டியிலேயே நடந்தபோது தெரியவில்லை. ஆகவே வண்டி கொதித்தால் முதலில் தண்ணீர் அளவு, அடுத்து மூடி, அடுத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் அதற்குப் பிறகு. ரேடியேட்டரில் விடாமல் குமிழ் வந்தாலோ, ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தாலோ ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கிங்) போயிருக்கலாம். அது வீட்டு வாசலில் பார்க்கிற வேலை இல்லை.

பழைய வால்வை ஆற வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே தலைமுடி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. துருவால் முழுசாக மூடவில்லை. குற்றவாளி இல்லை, ஆனால் ஓய்வு பெறும் வயது. அதனால் புதியதையே மாட்டினேன்.

இனி மாட்டும் வேலை. இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். "கொஞ்சம் சூடுதானே" என்று மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையிலோ பர்ஸிலோ போடுங்கள்; சில வண்டிகளில் ஃபேன் தானாகவே சுற்றக் கிளம்பும். 10ஆம், 12ஆம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர், ஹோஸ் கிளிப்புக்குக் குறடு, பழைய துணி, அகலமான பேசின் ஒன்று, காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்று. இவ்வளவு போதும்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு, ரேடியேட்டரின் அடித்திருகைக் கொஞ்சம் தளர்த்தி கூலன்ட்டை பேசினில் பிடியுங்கள். பழைய வண்டியில் அந்தத் திருகு பிளாஸ்டிக்காக இருந்தால் பிஸ்கட் மாதிரி உடையும். இறுகியிருந்தால் விட்டுவிட்டு, கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி வடியுங்கள். தெர்மோஸ்டாட் உயரத்தில் இருக்கும் வண்டியில் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்குகிற அளவுக்கு வடித்தால் போதும். எவ்வளவு வந்தது என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப ஊற்றும்போது உதவும். பேசினை மட்டும் வாசலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெருநாயும் பூனையும் நக்கும். சிறுநீரகம் போய்ச் சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். கேனில் அடைத்துப் பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கேட்டுப் பாருங்கள்.

மேல் ஹோஸ் இன்ஜினில் போய்ச் சேரும் இடத்தில் அலுமினிய மூடி ஒன்று, பெரும்பாலும் இரண்டு போல்ட்டோடு இருக்கும். அதற்குள்தான் வால்வு. கிளிப்பைப் பின்னுக்குத் தள்ளி, ஹோஸை இழுக்காமல் முதலில் திருகுங்கள். ஒட்டிக்கொண்டது விட்ட பிறகு இழுத்தால் எளிதாக வரும்.

போல்ட் விஷயத்தில்தான் நான் அசிங்கப்பட்டேன். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட், பல வருடத் துரு. முதல் போல்ட் நல்லபடியாக வந்ததும் தைரியம் வந்து, இரண்டாவதை ஒரே மூச்சில் திருப்பினேன். வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று சுற்றியது. அட, எளிதாக வருகிறதே என்று சந்தோஷப்பட்ட நொடியில் தலை மட்டும் கையில் வந்தது. லேத் பட்டறைக்காரர் வந்து பார்த்து, "இதுக்கு முந்தின நாளே ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டிருக்கோணுங்க டீச்சர்" என்றார். மீதித் தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பொட்டு வைத்து, அந்தச் சூட்டிலேயே திருப்பி எடுத்துக் கொடுத்தார். நீங்கள் முந்தின இரவே துரு விடுவிக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். போல்ட்டைக் கால் சுற்று தளர்த்துவது, அதே அளவு இறுக்குவது, மறுபடி தளர்த்துவது என்று ஆட்டி ஆட்டி எடுங்கள்.

மூடியைத் தூக்கினேன். உள்ளே வெறும் குழி. வால்வு உட்காரும் வட்டத்தில் துருச்சேறு. குழிக்குள் துணியை அடைத்துவிட்டுத்தான் பழைய பேக்கிங்கைச் சுரண்ட வேண்டும், துணுக்கு உள்ளே விழக்கூடாது. பிளேடு போட்டால் அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோடு வழியாகவே நாளை ஒழுகும். ஏடிஎம் கார்டின் ஓரம் பதமாகச் சுரண்டும்.

வால்வை மாட்டும்போது பார்க்க வேண்டியது இரண்டு. ஸ்பிரிங்கும் மெழுகுக் குப்பியும் இருக்கும் பக்கம் இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். சூட்டை உணர வேண்டியது அந்தக் குப்பிதான். தலைகீழாக வைத்தால் ரேடியேட்டர் பக்கத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். அடுத்து, விளிம்பில் 'கடகட'வென்று ஆடும் குட்டி ஊசி ஒன்று இருக்கும். அது காற்று வெளியேறும் வழி. அந்த ஊசி இருக்கும் பக்கத்தை உயரத்தில் வையுங்கள்.

புது பேக்கிங் நன்றாக இருந்தால் வேறொன்றும் தேவையில்லை. "அனபாண்ட் போட்டுருங்க, ஒழுகவே ஒழுகாது" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். ஒழுகலை அடைக்கும் பசை அது. காகித பேக்கிங்குக்கு மேலே படலம்போலத் தடவினால் தப்பில்லை. ரப்பர் வளையத்துக்கு அதுவும் வேண்டாம். தோசைக்கு மாவு ஊற்றுவதுபோல ஊற்றினால் பிதுங்கி உள்ளே போனது காய்ந்து, உதிர்ந்து, ரேடியேட்டரின் சந்தில் அடைத்துக்கொள்ளும். போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சின்ன போல்ட்தான், ஸ்பேனரின் கழுத்தைப் பிடித்து மணிக்கட்டு பலம் போதும். தோள் பலத்தைக் காட்டினால் மறுபடி லேத்தைத் தேட வேண்டும்.

ஹோஸைச் செருகி, கிளிப் பழைய தடத்திலேயே உட்கார்ந்ததா என்று பார்த்து, கூலன்ட் ஊற்றத் தொடங்குங்கள். பாட்டிலில் 'அப்படியே ஊற்றுக' என்று இருந்தால் அப்படியே. கலக்க வேண்டியது என்றால் வண்டிப் புத்தகத்தில் சொன்ன விகிதத்தில் டிஸ்டில்டு வாட்டர், அதாவது பேட்டரிக்கு ஊற்றுவது. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் வெந்நீர்ப் பானையில் படிய வைக்கும் வெள்ளைத் தோலைப் பார்த்தால், ரேடியேட்டருக்குள் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டாம்.

காற்றை வெளியேற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டும். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பி வையுங்கள், ஏசி அணைந்திருக்கட்டும். மெல்ல ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி விட்டால் 'களக்களக்'கென்று காற்று வரும். மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். பிறகு ரேடியேட்டர் மூடி இல்லாமலே ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுங்கள். முகத்தை மேலே நீட்டிப் பார்க்காதீர்கள். குமிழ் நின்று மட்டம் நிலைத்ததும், தண்ணீர் பொங்கி வழியும் சூட்டுக்கு வரும் முன்பே மூடியைப் போட்டுவிடுங்கள். கூலன்ட் டப்பாவே அழுத்த மூடியோடு வரும் வண்டிகளில் முறை வேறு; புத்தகத்தைப் பார்த்துச் செய்யுங்கள். மூடிய பிறகு மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும்வரை, ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை காத்திருங்கள். அப்போது ஹீட்டரில் சூடான காற்று வந்தால் உள்ளே காற்று அடைப்பு இல்லை. மறுநாள் காலை, ஆறிய பிறகு ரேடியேட்டரையும் டப்பாவில் மேல்கோடு கீழ்க்கோட்டையும் பாருங்கள். எனக்கு அரை டம்ளர் குறைந்திருந்தது.

பராமரிப்பு என்று தனியாகப் பெரிதாக ஒன்றுமில்லை. தெர்மோஸ்டாட்டைக் கெடுப்பது அழுக்குக் கூலன்ட். அதைப் புத்தகத்தில் சொன்ன காலத்தில் மாற்றினால் போதும். திறக்கும்போது செங்கல் கரைத்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் தெளியும்வரை ஃப்ளஷ் செய்துவிட்டுத்தான் புது வால்வு. வாட்டர் பம்ப் வேலைக்காக எப்படியும் கூலன்ட்டை வடிக்கிறார்கள் என்றால், அப்போதே வால்வையும் மாற்றச் சொல்லிவிடுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரை வருடத்துக்கு ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். வழியில் கொதித்தால் ஓரம் கட்டி, ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாக வைத்துப் பாருங்கள். முள் இறங்காவிட்டால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் இன்ஜினில் ஊற்றி ஹெட்டை வளைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த திங்கள் ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டும்போதே முள் நடுவில் வந்து நின்றது. 40 வளைவும் ஏறி முடிக்கும்வரை அங்கேயே நின்றது. வால்பாறையில் இறங்கும் முன்பே கண்ணாடியில் படிந்த பனியை ஹீட்டர் துடைத்துவிட்டது.

பழைய வால்வு இப்போது பள்ளி ஆய்வகத்தில், நூலோடு. பதினொன்றாம் வகுப்புக்கு வெப்ப விரிவு நடத்தும் நாளில் பீக்கரில் தொங்க விடுவேன். எந்த டிகிரியில் விழும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். போன வருடம் 84 வரை போய்விட்டது.